பலகை இல்லாத சரிவுகள்: மதுரைப் பக்கம் டவுன்ஹில் சைக்கிள் ஓட்ட முழுமையான வழிகாட்டி

மலையிலிருந்து சைக்கிளில் இறங்குவதற்கென்றே தடம் வெட்டி வைத்திருக்கும் ஊர்களில், தடம் தொடங்கும் இடத்தில் ஒரு பலகை நிற்கும். பச்சை வட்டம் என்றால் புதியவரும் போகலாம். கருப்பு வைரம் என்றால் தேர்ந்தவருக்கு மட்டும். மதுரையைச் சுற்றி அப்படிப் பலகை எதுவும் கிடையாது. நமக்கு இருப்பவை ஆட்டுக்காரர்கள் போகும் ஒற்றையடிப் பாதைகள், கண்மாய்க் கரை ஏறும் வண்டித் தடங்கள், காப்பித் தோட்டங்களுக்குள் ஓடும் ஜீப் பாதைகள். இவற்றுக்கு யாரும் நிறம் கொடுத்து வைக்கவில்லை. அந்தப் பலகையை எழுதும் வேலையும் ஓட்டுகிறவர் தலையில்தான் விழுகிறது. முதலில் சரிவை நடந்து பார்த்து அளக்க வேண்டும், பிறகு தரம் பிரிக்க வேண்டும், கடைசியாகத்தான் உங்கள் கை எந்தத் தரத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் போகிறது.

எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது

மதுரைக்காரருக்கு மலை என்றதும் நினைவுக்கு வருபவை யானைமலை, திருப்பரங்குன்றம், கீழக்குயில்குடி சமணர் மலை, அழகர்மலை. இவற்றில் ஒன்றும் டவுன்ஹில்லுக்கு ஆகாது. சமணர் மலையில் கற்படுக்கைகளும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் இருக்கின்றன. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். திருப்பரங்குன்றமும் யானைமலையின் அடிவாரமும் கோயில்கள். அழகர்மலை காப்புக்காடு. மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கும் பாறைச் சரிவைப் பார்த்துக் கை பரபரத்தாலும் சைக்கிளைக் கீழேயே நிறுத்திவிட்டு நடந்து போவதுதான் சரி.

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் இன்றும் நடைமுறையில்தான் இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் பலர் இறந்தார்கள். அந்த ஆண்டே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. நடப்பவருக்குக் கிடைத்த அனுமதி சைக்கிளுக்கும் சேர்த்துத்தான் என்று நீங்களாக முடிவு செய்துகொள்ளாதீர்கள். அந்தந்த வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாகமலைத் தொடரின் அடிவாரத்திலும் சிறுமலையிலும் எது பட்டா, எது புறம்போக்கு, எது காடு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கேட்டால்தான் தெரியும்.

மீதி இருப்பவை மூன்று. ஒன்று, கண்மாய்க் கரைக்கு மாடும் டிராக்டரும் ஏறி இறங்கும் சாய்தளங்கள். இரண்டு, தெரிந்தவர் ஒருவருடைய மேட்டுப் புஞ்சை, மானாவாரி நிலம், சரளை மேடு. மூன்றாவதுதான் உண்மையான டவுன்ஹில்: கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கத்துத் தனியார் காப்பித் தோட்டங்களின் உள்பாதைகள். தோட்டக்காரர் சம்மதித்தால் காலையில் ஜீப்பில் ஏறி, நிழலிலேயே இறங்கி வரலாம். அறுவடைக் காலத்தில் கேட்காதீர்கள். பாதை முழுக்கக் கூலிக்கு வந்தவர்களும் மூட்டைகளும் இருக்கும்.

மலைச்சாலைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள், போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17. பிரேக்கை அளவாகப் பிடிக்கப் பழக நல்ல இடங்கள்தான். ஆனால் தார் ரோட்டில் வேகம் பார்ப்பது டவுன்ஹில் ஆகாது. எதிரே பஸ் வரும் வளைவில் உங்கள் திறமைக்கு மதிப்பே இல்லை.

ரசமட்டமும் ஒரு மீட்டர் குச்சியும்

செல்போன் செயலி சரிவைச் சொல்லும். ஆனால் பத்து அடி நீளத்துக்குள் பாதை எப்படி மாறுகிறது என்பதை அது பெரும்பாலும் விட்டுவிடும். கொத்தனாரிடம் இருக்கும் ரசமட்டம் இதற்குப் போதும். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான குச்சியின் ஒரு முனையை மேட்டுப் பக்கம் தரையில் வையுங்கள். குச்சியின் மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழ் நடுவில் நிற்கும்வரை மறுமுனையைத் தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை டேப்பால் அளங்கள். 10 சென்டிமீட்டர் என்றால் 10 சதவீதச் சரிவு, 25 என்றால் 25 சதவீதம். கணக்கு அவ்வளவுதான்.

பாதை முழுவதும் இப்படி அளக்க வேண்டியதில்லை. பார்த்ததும் வயிற்றைக் கலக்கும் இடங்களில் மட்டும் அளந்தால் போதும். கண் பெரும்பாலும் மிகைப்படுத்தும். மேலே நின்று பார்த்தால் 20 சதவீதம்கூடச் செங்குத்தாகத் தெரியும். குனிந்து அளந்து பார்த்தவருக்குப் பாதிப் பயம் போய்விடும். சில இடங்களில் புதிதாகப் பயம் வரும், அதுவும் நல்லதுதான்.

அளக்கும்போது மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மிகச் செங்குத்தான இடம், மிகக் குறுகலான இடம், சுற்றிப் போக வழியில்லாத மிகப் பெரிய தடை. பாதையின் நீளமும் மொத்த உயரமும் பெருமை பேசத்தான் உதவும். உங்கள் கையை உடைக்கப் போவது இந்த மூன்றில் ஒன்று.

நிறம் கொடுப்பது

பன்னாட்டு மவுண்டன் பைக் சங்கமான இம்பா, பனிச்சறுக்கு மைதானங்களின் குறியீடுகளைத் தழுவி ஒரு தர வரிசை வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் சிவப்பும் உண்டு. ஜெர்மன்காரர்கள் எஸ்0 முதல் எஸ்5 வரை எண் வைத்துச் சொல்வார்கள். நம் வேலைக்கு இம்பா போதும்; அதில் அளவுகள் இருப்பதால் நம் குச்சியும் டேப்பும் அங்கே செல்லுபடியாகும்.

வெள்ளை வட்டத்துக்குத் தடம் ஏறத்தாழ 180 சென்டிமீட்டர் அகலம், சராசரிச் சரிவு 5 சதவீதத்துக்குக் கீழ். பச்சை வட்டத்துக்கு அகலம் 90 சென்டிமீட்டராவது வேண்டும், சராசரி 5 சதவீதத்துக்குள், எங்கும் 15-ஐத் தாண்டக் கூடாது. தவிர்க்க முடியாத தடைகள் 5 சென்டிமீட்டருக்குள். நீலச் சதுரத்தில் தடம் 60 சென்டிமீட்டராகக் குறுகும், சராசரி 10 சதவீதம் வரை போகும், சில இடங்களில் 15-ஐத் தாண்டும், 20 சென்டிமீட்டர் வரை கல்லோ படியோ குறுக்கே இருக்கும். கருப்பு வைரத்தில் அகலம் 30, சராசரி 15 சதவீதம் வரை, தடை 38 சென்டிமீட்டர் வரை. இரட்டைக் கருப்பு வைரம் அதற்கும் மேல்: 15 சென்டிமீட்டர் அகலத் தடம், 20 சதவீதமும் அதற்கு மேலும் சராசரி.

இதில் பலர் தடுமாறும் இடம் சராசரி. ஒரு கிலோமீட்டர் பச்சையாக ஓடி, நடுவில் மூன்று மீட்டர் மட்டும் கருப்பாக இருந்தால் அந்தப் பாதை என்ன நிறம்? அந்த மூன்று மீட்டரைச் சுற்றிப் போக வழியிருந்தால் பச்சை, இல்லாவிட்டால் கருப்பு. என் கணக்கில் இதற்கு விலக்கே கிடையாது. கண்மாய்க் கரையே இதற்கு உதாரணம். மண்கரையின் வெளிப்பக்கச் சரிவு பல இடங்களில் இரண்டுக்கு ஒன்று, அதாவது 50 சதவீதம். உயரம் இரண்டு ஆள் இருந்தாலும் சரிவின்படி அது இரட்டைக் கருப்பு. பக்கத்திலேயே டிராக்டர் ஏறும் சாய்தளம் பச்சையாக இருக்கும்.

அந்த 50 சதவீதச் சரிவில் தயவுசெய்து இறங்காதீர்கள். சறுக்கிய டயர் போட்ட கோட்டில் ஐப்பசி மழைத் தண்ணீர் ஓடும், கோடு வாய்க்காலாகும், கரை பலவீனமாகும். அந்தக் கண்மாயை நம்பி நெல் போட்டவர் உங்களைத் துரத்தினால் நியாயம் அவர் பக்கம்தான். சாய்தளத்தோடு நில்லுங்கள், மடை, கலுங்குப் பக்கம் போகாதீர்கள்.

நம் மண்ணுக்கு ஒரு படி கூட்டுங்கள்

இம்பா அளவுகள் சரிவையும் தடையையும் பார்க்கின்றன. நம் ஊர்த் தரை அதற்கு மேலும் சில வித்தைகள் வைத்திருக்கிறது.

செம்மண் சரளை காய்ந்தால் மேலே உதிரிக் கற்கள் நிற்கும். கீழே கெட்டித் தரை, மேலே உருளும் பொடிக்கல்: தரையில் கேழ்வரகு கொட்டிக் கிடக்கும்போது கால் வைப்பது மாதிரி. இத்தகைய தரை கண்ணில் பட்டால் நிறத்தை ஒரு படி கூட்டிவிடுங்கள். பச்சையாக அளந்தது நீலம். திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் வேறு ரகம். காய்ந்தால் சிமெண்ட், நனைந்தால் பசை. டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும். மழை பெய்த மறுநாளும் அங்கே வேலையில்லை.

பாறை பலர் நினைப்பதற்கு நேர்மாறு. காய்ந்த வெறும்பாறையில் டயர் நன்றாகவே பிடிக்கும். பாறையில் மேலிருந்து கீழே கருப்புக் கோடுகள் தெரிந்தால் அவை மழைத் தண்ணீர் வழியும் தடங்கள், காய்ந்த பாசி. லேசான தூறலுக்கே அந்தக் கோடு சோப்பாகிவிடும். அதைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் இறங்கி நடங்கள்.

அடுத்தது முள். சீமைக்கருவேலம் இல்லாத சரிவு மதுரை மாவட்டத்தில் அபூர்வம். ஓரத்தில் வெட்டிப் போட்ட கிளை ஒன்று காய்ந்து கிடந்தால், அது டயரையும் துளைக்கும், விழுந்தால் உங்களையும் துளைக்கும். சாதாரண டியூப் போட்டு ஓட்டுகிறவர் பஞ்சர் ஒட்டுவதிலேயே காலை நேரத்தைக் கழிப்பார். டியூப்லெஸ் டயரும், ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் சீலன்ட் திரவமும் இங்கே ஆடம்பரம் கிடையாது. நம் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்து ஊற்றுங்கள்.

பருவம் என்று கேட்டால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும் தை, மாசிதான் நல்ல நேரம். சித்திரை, வைகாசியில் விடிந்து மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஆடிக் காற்றில் மேட்டு விளிம்புப் பாதை வேண்டாம்.

வண்டி

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் அதிக நேரம் வீணாக்குகிறார்கள். பந்தய டவுன்ஹில் சைக்கிளில் முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் அளவுக்குச் சஸ்பென்ஷன் இருக்கும், மேட்டில் மிதிக்கவே முடியாது. மதுரைப் பக்கம் பச்சைக்கும் நீலத்துக்கும் முன்ஃபோர்க் 100 முதல் 120 மில்லிமீட்டர் இயங்கும் நல்ல ஹார்டுடெயில், அதாவது பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத வண்டி, போதும். கருப்புக்குப் போகிறவருக்கு இரண்டு பக்கமும் 150-க்குக் குறையாத வண்டி தேவைப்படும்.

குறைந்த விலையில் பளபளவென்று 'டபுள் சஸ்பென்ஷன்' என்று விற்கும் வண்டியை வாங்காதீர்கள். வெறும் ஸ்பிரிங் மட்டும் இருக்கும், அதன் துள்ளலை அடக்க உள்ளே எண்ணெய் அமைப்பு இருக்காது. கல்லில் ஏறினால் வண்டி உங்களைத் திருப்பி எறியும். அதே காசுக்கு நல்ல டிஸ்க் பிரேக் உள்ள ஹார்டுடெயில் மேல்.

70 கிலோ எடையுள்ளவர் 2.3 அங்குல டியூப்லெஸ் டயரில் காற்றழுத்தம் முன்னால் 23, பின்னால் 26 பிஎஸ்ஐ என்று தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்கலாம். டியூப் இருந்தால் மூன்று நான்கு கூட்டிக்கொள்ளுங்கள். நீலத்துக்கு மேல் முகம் மூடிய சைக்கிள் ஹெல்மெட், முட்டிக்கும் முழங்கைக்கும் காப்பு, முழுக் கையுறை கட்டாயம். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் மண்டையைக் காக்கும். ஆனால் நம் வெயிலில், மெதுவான வேகத்தில், காற்று உள்ளே வராமல் தலை சுற்றும்.

உடம்புக்குப் பாடம்

சீட்டைக் கீழே இறக்குங்கள். பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில், குதிகால் தாழ்ந்து, முழங்கை விரிந்து, நெஞ்சு ஹேண்டில்பாரை நோக்கிக் குனிந்து நில்லுங்கள். எடை முழுக்கக் காலில் இருக்க வேண்டும், கை சும்மா பிடித்திருந்தால் போதும். சரிவைக் கண்டதும் பின்னால் போய் உட்காருவது எல்லோருக்கும் வரும் பழக்கம். அப்படிப் போனால் முன்சக்கரத்தில் எடை குறையும், எடை குறைந்தால் திரும்பாது, பிரேக்கும் பிடிக்காது. சரிவு கூடக்கூட இடுப்பு பின்னால் போகட்டும், நெஞ்சு தாழ்ந்தே இருக்கட்டும்.

பிரேக்குக்கு ஒரு விரல். முன்பிரேக்தான் அதிகம் நிறுத்தும், அதைப் பார்த்துப் பயப்படுகிறவர் நீலத்துக்குப் போகவே முடியாது. சாய்தளத்தில் ஒரு கோடு போட்டு, அதற்கு முன்னால் சக்கரம் சறுக்காமல் நிறுத்திப் பழகுங்கள். சறுக்கினால் பிடி அதிகம், கோட்டைத் தாண்டினால் பிடி குறைவு. இறங்கும் வழியெல்லாம் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வருவது வேறொரு கெட்ட பழக்கம்; நேரான இடத்தில் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் விட்டுவிடுங்கள். டிஸ்க்குக்கு ஆற நேரம் வேண்டும். இந்த விளையாட்டின் ஆரம்பமே சூடான பிரேக்தான்: 1976-இல் கலிபோர்னியாவில் ஃபேர்ஃபேக்ஸ் பக்கத்து மலைப்பாதையில் பழைய சைக்கிள்களில் பந்தயம் விட்டபோது, ஒரே இறக்கத்தில் பின்சக்கர ஹப் பிரேக்கின் கிரீஸ் எரிந்து புகையும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் பிறகு புது கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது.

வளைவில் கண் வெளியேறும் இடத்தைப் பார்க்கட்டும். வெளிப்பக்கப் பெடலைக் கீழே அழுத்தி, உடம்பைவிட வண்டியை அதிகம் சாயுங்கள். கொண்டை ஊசி மாதிரி மடங்கும் ஒற்றையடிப் பாதையில் வெளி விளிம்பை ஒட்டி, நடக்கும் வேகத்தில் நுழைய வேண்டும்.

படிக்கு ஒரு சோதனை. வண்டியில் ஏறாமல், கையால் தள்ளிப் படியில் இறக்கிப் பாருங்கள். பெடலோடு சேர்ந்து சுற்றும் பல்சக்கரம் படி விளிம்பில் இடிக்காமல் முன்சக்கரம் தரை தொட்டால் உருட்டியே இறங்கலாம். இடித்தால் அது டிராப். முன்சக்கரத்தை எடையில்லாமல் வெளியே விட்டு, இரண்டு சக்கரமும் சேர்ந்து இறங்கத் தெரிய வேண்டும். அதை நடைபாதை ஓரக்கல் உயரத்தில் பழகுங்கள், மலையில் கற்றுக்கொள்ள நினைக்காதீர்கள்.

நீங்கள் எந்த நிறம்?

சாய்தளத்தில் நின்றபடியே இறங்கி, சொன்ன கோட்டில் சறுக்காமல் நிற்க முடிந்தால் நீங்கள் பச்சை. 20 சென்டிமீட்டர் படியை உருட்டி இறங்கி, உதிரிச் சரளை வளைவில் கால் ஊன்றாமல் திரும்பி, பாதி இறக்கத்தில் நினைத்த இடத்தில் நிற்க முடிந்தால் நீலம். முழங்கால் உயர டிராப்பை எடுத்து, செங்குத்தில் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எடுத்த கோட்டிலேயே இறங்க முடிந்தால் கருப்பு.

ஒரு தடவை தப்பித்து இறங்கியதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தொடர்ந்து மூன்று தடவை, அதே கோட்டில், கூட வந்தவர் பார்த்துச் சொல்ல வேண்டும். காலையில் நீலமாக இருப்பவர், தண்ணீர் குடிக்காமல் ஓட்டினால் பத்தரை மணிக்குப் பச்சையாகிவிடுவார். களைத்த கையால் பிரேக் பிடிக்க முடியாது. முன்கை இறுகத் தொடங்கினால் அன்றைய கடைசி இறக்கம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புது இடத்தில் முதல் வேலை, மேலிருந்து கீழே நடப்பது. அடுத்து, மேய்க்கிறவரைத் தேடுங்கள். "அண்ணே, இந்தத் தடம் எங்க போய் முடியும்?" என்று கேட்டால், "அங்கிட்டுப் போகாதீங்க தம்பி, கிணறு கிடக்கு" என்று வரும் ஒரு வார்த்தைக்கு எந்த வரைபடமும் ஈடில்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறுகளும், தண்ணீர் நிற்கும் கல்குவாரிப் பள்ளங்களும் நம் பக்கம் நிறைய. குவாரி விளிம்பை ஒட்டிய பாதைக்கு நிறமே கிடையாது. போகாதீர்கள். நடந்து முடித்தபிறகு முதல் இறக்கம் பாதி வேகத்தில், கடினமான இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு. இரண்டாவது இறக்கம்தான் ஓட்டம். எதிரே ஆடோ ஆளோ வந்தால் நிற்க வேண்டியவர் நீங்கள். தோட்டப் பாதைகளில் விடிகாலையிலும் அந்தியிலும் காட்டுமாடு நிற்கும். மணி அடித்து விரட்டாமல், தூரத்திலேயே நின்று அது போகும்வரை காத்திருங்கள்.

விழுந்தால்

தனியாகப் போகாதீர்கள். மூன்று பேர் சரியான எண்ணிக்கை: ஒருவர் விழுந்தால் ஒருவர் பக்கத்தில் இருக்க, ஒருவர் ரோட்டுக்கு ஓடலாம். தலையில் அடிபட்டவர் எழுந்து நின்று "ஒண்ணுமில்ல" என்றாலும் அன்று ஓட்டக் கூடாது. வாந்தி, மயக்கம், பேச்சுக் குழறல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. கழுத்தோ முதுகோ வலிக்கிறது என்றால் தூக்கி உட்கார வைக்காதீர்கள். புதரில் விழுந்து பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நம் பக்கத்துக் காய்ந்த மேடுகளில் சுருட்டை விரியன் சாதாரணம்.

108-க்கு அழைக்கும்போது "மலைக்குப் பின்னால" என்று சொன்னால் வண்டி வராது. கிளம்பும் முன்பே ஊராட்சியின் பெயர், ரோட்டிலிருந்து பிரியும் இடத்தில் இருக்கும் கோயிலோ பஸ் நிறுத்தமோ, அங்கிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதை ஒரு தாளில் எழுதி, ஆளுக்கொரு பிரதி சட்டைப் பையில் வையுங்கள். தோட்டங்களுக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது; நடந்து பார்க்கும்போதே எந்தத் திருப்பத்தில் போன் எடுக்கிறது என்று சோதித்து, அதையும் அந்தத் தாளில் குறியுங்கள். மதுரையைச் சுற்றி அடிபட்டால் பெரியாஸ்பத்திரி, மேற்கே போனால் தேனி, வடக்கே திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள். எது பக்கம் என்று காலையிலேயே பேசி வைத்துவிட்டு மேலே ஏறுங்கள்.